நடேசய்யரைத் தேடினோம், கணினி இல்லை என்றது

போன வருஷம் ஒரு அசைன்மென்ட்டுக்காக நாங்கள் நான்கு பேர் ஒரு புத்தகம் தேடிப் போனோம். சாரல்நாடன் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்', 1988இல் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து இலங்கைக்கு வந்து, பத்திரிகை நடத்தி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு தொழிற்சங்கத்தைக் கட்டிய மனிதரைப் பற்றிய நூல். மலையகத் தொழிற்சங்க வரலாறு எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் போக முடியாது. நாங்கள் போனது கண்டிக்குப் பக்கத்தில் ஒரு நூலகம். பெயர் வேணாம்.

கணினிப் பட்டியலில் தலைப்பைத் தமிழில் அடித்தோம். பூச்சியம். 'நடேசய்யர்' என்று மட்டும் அடித்தோம். அதுவும் பூச்சியம். சரி, வட்ஸ்அப்பில் கதைக்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்ப்போம் என்று டேவிட்டுக்கு வருகிற 'டி'யில் தொடங்கி 'தேச'வை எழுதினோம். இல்லை. தாமஸுக்கு வருகிற மாதிரி 'டீ', 'எச்' என்று போட்டோம். இல்லை. அசைன்மென்ட்டுக்கு வேறு தலைப்பு எடுப்போமா என்று கதைக்கத் தொடங்கிவிட்டோம்.

அங்கே வேலை செய்கிற ஒரு ஐயா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிங்களவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. "என்ன மல்லி தேடுறது?" என்று கேட்டார். போனில் இருந்த அட்டைப் படத்தைக் காட்டினோம். ஒரு நிமிஷம் பார்த்தார், "வாங்க" என்று உள்ளே கூட்டிப் போனார், மூன்றாவது றாக்கையில் கீழ்த் தட்டிலிருந்து புத்தகத்தை உருவிக் கையில் தந்தார். அட்டையை வைத்தே அவருக்கு ஞாபகம் இருக்கு.

திரும்பி வந்து அந்தப் புத்தகத்தின் எண்ணைப் போட்டுத் தேடியபோதுதான் கணினி அதைக் காட்டியது. தலைப்பு ஆங்கில எழுத்தில் இருந்தது: டெலிபோனுக்கு வருகிற 'டீ', பிறகு ஈ, சீ, ஏ, பீ, ஏ, கே, டீ, ஏ, என். எங்களில் ஒருத்தி அதைச் சத்தமாக வாசித்தாள்: "டெகாபக்டன். இது என்ன மருந்தா?"

சிரித்தோம். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே வந்தது. அந்த நூலகத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. பட்டியலிலும் இருந்தது. கணினியும் வேலை செய்தது. இருந்தும் தமிழ் தெரிந்த நான்கு பேரால் கண்டுபிடிக்க முடியவில்லை, தமிழ் தெரியாத ஒருவரால் முடிந்தது. இது எப்படி நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அட்டைக்காலம். எங்கள் வயசுக்காரர் பலர் கார்ட் கபினட்டைப் பாவித்திருக்க மாட்டார்கள். சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு அட்டைகள், யாரும் உருவிக்கொண்டு போகாமல் அடியில் ஓட்டை போட்டு ஒரு கம்பி. ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஒரு அட்டை, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று என்று குறைந்தது மூன்று. கையால் அல்லது டைப்ரைட்டரில் எழுதியது. தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழிலேயே அட்டை எழுதலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், பேனா போதும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

புத்தகம் எந்த றாக்கைக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம எண் முறை. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று முழுசாக ஒரு வீடு இருக்கு. தமிழ் இலக்கியம் எங்கே? 'ஏனைய மொழிகளின் இலக்கியம்' என்ற 890க்குள்ளே போய், இன்னும் உள்ளே போய், புள்ளி தாண்டி, 894.811. சங்க இலக்கியம், கம்பன், பாரதி எல்லாரும் அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இலங்கை வரலாறு 954.93. அதுவும் இந்தியாவின் 954க்குள்ளே ஒரு சின்ன அறை. (சிங்கள நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், எங்களைவிட அவர்களுக்குக் கோபம் வரும்.)

இந்த அட்டைகளை வைத்து ஒரு தனி மனிதர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் பேராதனையில் ஒரு சாட்சி உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி 1952இல் பேராதனைக்கு வந்தது. அந்த நூலகத்தில் வேலை செய்து, 1970களில் நூலகராக இருந்தவர் இயன் குணதிலக்க. இலங்கையைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். நூல்கள் மட்டுமல்ல, சஞ்சிகைக் கட்டுரைகளும் சேர்த்து. முதல் இரண்டு தொகுதிகள் 1970இல் சுவிட்சர்லாந்தில் அச்சாகி வந்தன, அடுத்தடுத்து ஐந்து தொகுதி வரை போனது. கணினி இல்லை, தேடல் பெட்டி இல்லை. இன்றைக்கும் இலங்கை வரலாற்றில் ஆய்வு செய்கிறவர்கள் அந்தத் தொகுதிகளைத் திறக்காமல் இருப்பது அரிது. எங்கள் விரிவுரையாளர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும்.

ஆனால் அந்த நூலின் உபதலைப்பிலேயே ஒரு எல்லை இருக்கு: மேற்கத்திய மொழிகளில் வெளியானவை. அதாவது தமிழும் சிங்களமும் வெளியே. ஒரு மனிதர் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டுதான், அவர் அந்த எல்லையை மறைக்கவும் இல்லை, அதனால் இது குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு துரை எழுதிய நாட்குறிப்பு பட்டியலில் வரும், அதே தோட்டத்தைப் பற்றி நடேசய்யர் தமிழில் எழுதியது வராது.

தமிழுக்கு அந்த வேலையை யார் செய்தார்கள்? முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து பிறகு லண்டனுக்குப் போன என். செல்வராஜா 2002இல் 'நூல்தேட்டம்' முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். தொகுதிக்கு ஆயிரம் நூல், இலங்கைத் தமிழர்கள் எழுதியவை, ஒவ்வொன்றுக்கும் சின்னக் குறிப்பு. இன்னும் தொடர்கிறது. குணதிலக்க பேராதனையில் விட்ட கதவை ஒருவர் இங்கிலாந்திலிருந்து திறந்தார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். செல்வராஜா அப்படி நினைத்துச் செய்தாரா தெரியாது.

அந்த முப்பது வருஷத்துக்கு நடுவில்தான் 1981 வருகிறது. கண்டியைப் பற்றி எழுதும்போது ஏன் யாழ்ப்பாணம் என்று கேட்காதீர்கள். இலங்கையில் தமிழ் நூலகங்கள் கணினிக்கு வந்த கதையில் அந்த நெருப்பைத் தாண்டிப் போக வழியே இல்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பாவின் முயற்சியில் சின்னதாகத் தொடங்கியது. 1950களில் பெரிய கட்டடம் கட்டத் திட்டமிட்டபோது ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணிதம் படித்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, டூயியின் முறை நம் நாடுகளின் நூல்களுக்குச் சரிவராது என்று 1933இல் சொந்தமாக ஒரு வகுப்பு முறையே உருவாக்கியவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதில் நான்காவது, வாசகருடைய நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. டெகாபக்டன் முன்னால் நாங்கள் செலவழித்த முக்கால் மணி நேரத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

1959இல் திறந்த அந்தக் கட்டடம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் என்று சொல்வார்கள். ஓலைச்சுவடிகளும், வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதில் இருந்தன. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நாங்கள் திரும்ப எழுதவில்லை. எங்களுக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் ஒரு இரவு போதும்.

நெருப்பு இல்லாமலும் அது நடக்கலாம். கரையான், மழை, இட நெருக்கடி என்று பழைய புத்தகத்தைக் கழிப்பது. அல்லது யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் றாக்கையிலேயே இருப்பது.

இனி கணினிக்கு வருவோம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியேட் அவ்ரம் என்ற பெண் 1960களின் இரண்டாம் பாதியில் 'மார்க்' என்ற வடிவத்தை உருவாக்கினார். அவர் நூலகம் படித்தவரே இல்லை, புரோகிராமர். அட்டையில் இருக்கிற ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எண் கொடுத்தார். தலைப்பென்றால் 245, ஆசிரியர் என்றால் 100. எண் இருந்தால் இயந்திரத்துக்கு விளங்கும், ஒரு நூலகம் எழுதிய பதிவை இன்னொரு நூலகம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உலகத்தின் எந்த மூலையிலும் ஒரே புத்தகத்துக்கு ஒரு தரம் பதிவு எழுதினால் போதும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பட்டியல் எழுதியவர்களிடம் கேட்டால் தெரியும்.

அட்டையில் பேனா போதும் என்று சொன்னோமே, பிரச்சினை இங்கேதான் வருகிறது. மார்க்குக்கென்று இருந்த எழுத்துத் தொகுப்பில் லத்தீன் எழுத்தோடு காலப்போக்கில் சிரிலிக், அரபு, ஹீப்ரு, சீனம், ஜப்பானியம், கொரியம் எல்லாம் வந்து சேர்ந்தன. தமிழ் வரவில்லை, இந்திய எழுத்துக்கள் எதுவுமே வரவில்லை. ஆகவே தமிழ் நூல்களை ஆங்கில எழுத்தில் பெயர்த்து எழுத ஒரு விதி. அந்த விதிப்படி 'க' எங்கே வந்தாலும் கே. 'த' எங்கே வந்தாலும் டீ. 'ச' எங்கே வந்தாலும் சீ. எழுத்துக்கு எழுத்து மாறாது என்பதால் தமிழ் இலக்கணப்படி பார்த்தால் நல்ல விதி. ஆனால் மனிதர்கள் அப்படி எழுதுவதில்லையே. 'நூலகம்' என்ற சொல்லையே எடுங்கள். விதிப்படி நடுவில் கே. தமிழ்நாட்டுக்காரர் ஜீ போடுவார். நாங்கள் இலங்கையில் எச் போடுவோம். ஒரு சொல்லுக்கு மூன்று வாசல், பட்டியல் திறந்து வைத்திருப்பது ஒன்றை மட்டும். அதுவும் நாங்கள் யாரும் போகாத வாசல்.

இலங்கையில் நூலகங்கள் கணினிக்கு மாறத் தொடங்கியபோது பரவலாகக் கிடைத்தது யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த ஐசிஸ் மென்பொருள். 1980களின் நடுவில் சிறிய கணினிகளுக்கும் வந்தது. கறுப்புத் திரை, ஆங்கில எழுத்து. பிறகு 2000 ஜனவரியில் நியூசிலாந்தின் லெவின் என்ற சின்ன ஊரில் 'கோஹா' வேலைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தால் பழைய மென்பொருள் குழம்பிவிடும் என்ற பயத்தில், புதிதாக வாங்கக் காசு பத்தாமல், அந்த ஊர் நூலகத்துக்காக எழுதியது. மௌரி மொழியில் அந்தப் பெயருக்கு அன்பளிப்பு என்று அர்த்தம். பெயருக்கேற்ப யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்டார்கள், இன்றைக்கு இலங்கையில் பல பல்கலைக்கழக நூலகங்கள் அதில்தான் ஓடுகின்றன.

கோஹாவுக்குத் தமிழ் தெரியும். 1991இல் யூனிகோட் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. (சிங்களத்துக்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு முந்திக் கிடைத்த அபூர்வமான ஒன்று, இந்தியாவின் புண்ணியத்தில்.) மார்க்கிலும் 880 என்று ஒரு எண் இருக்கு, ஆங்கில எழுத்துத் தலைப்புக்குப் பக்கத்திலேயே மூல எழுத்திலும் தலைப்பை எழுதி வைப்பதற்காக. அதாவது இன்றைக்கு இயந்திரத்தில் தடை ஒன்றும் இல்லை. அந்த 880இல் யாராவது உட்கார்ந்து தமிழில் டைப் பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

யார் பண்ணுவது? அட்டையிலிருந்து கணினிக்கு மாற்றும்போது பல இடங்களில் ஆள் குறைவு, அதிலும் தமிழ் டைப் பண்ணத் தெரிந்த ஆள் இன்னும் குறைவு. வெளிநாட்டு நூலகத்தின் பதிவு ஆங்கில எழுத்தில் தயாராகக் கிடைக்கும்போது அதை இறக்கிக்கொள்வது லேசு. தமிழ் அட்டையில் தமிழாக இருந்த தலைப்பு கணினிக்குள் போகும்போது டெகாபக்டன் ஆனது இப்படித்தான். முன்னேற்றம் என்று நாங்கள் சொல்கிற ஒரு படியில் ஒரு மொழி ஒரு படி கீழே இறங்கியிருக்கு, சத்தமே இல்லாமல்.

பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் சட்டப்படி இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய இடங்களில் ஒன்று. அப்படியென்றால் மலையகத்தில் அச்சான சின்னச் சின்ன வெளியீடுகளில் பல கண்டிக்குப் பக்கத்திலேயே எங்கோ ஒரு தட்டில் இருக்கக்கூடும். தலாத்துஓயாவில் வாழ்ந்த கவிஞர் க. கணேஷ் கே. ராமநாதனோடு சேர்ந்து 1946இல் தொடங்கிய 'பாரதி' சஞ்சிகை, சி. வி. வேலுப்பிள்ளையின் தமிழ் நூல்கள், எங்கள் கெம்பஸ் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' பழைய இதழ்கள். இவற்றைத் தேடி எங்கள் பெட்ச்மேட்ஸ் எங்கே போகிறார்கள் தெரியுமா? நூலகம் இணையத்தளத்துக்கு.

அது 2005இல் தொடங்கியது. தில்லைநாதன் கோபிநாத்தும் முரளிதரன் மயூரனும் தொடக்கிய தன்னார்வ முயற்சி. அதற்கு முன்மாதிரி 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஆரம்பித்த மதுரைத் திட்டம். அங்கே பழந்தமிழ் இலக்கியத்தைத் தன்னார்வலர்கள் டைப் பண்ணிச் சேர்த்தார்கள். நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் கல்யாண மலர், நினைவு மலர் வரைக்கும் ஸ்கேன் பண்ணிப் போட்டது. 1981ஐ மனதில் வைத்துத்தான் இதெல்லாம் என்று விளக்கத் தேவையில்லை. எங்களுக்குப் பிடித்தது வேறொன்று: தலைப்பைத் தமிழில் அடித்தால் வருகிறது. அந்தத் தளம் விக்கிப்பீடியா ஓடுகிற அதே மென்பொருளில் ஓடுகிறது, பட்டியலே தமிழில். காசும் கட்டடமும் இல்லாதவர்கள் செய்து காட்டியதை இரண்டும் உள்ள இடங்கள் இன்னும் செய்து முடிக்கவில்லை என்பதை எப்படி மரியாதையாகச் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாதென்று நாங்களும் ஒரு வேலை எடுத்தோம். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட லூல்கந்துரவுக்குக் கொஞ்சத் தூரம். அங்கே கோயிலை ஒட்டி ஒரு வாசிகசாலை. நானூறு புத்தகம்கூட இல்லை. இரண்டு சனி ஞாயிறில் எல்லாவற்றையும் தமிழில் டைப் பண்ணி ஒரு எக்செல் பட்டியல் போட்டுக் கொடுக்கலாம் என்று போனோம். ஐந்து வாரம் ஆனது.

வாசிகசாலைத் தலைவர், எங்களில் ஒருவனுடைய மாமா, "ஏற்கனவே ஒரு லிஸ்ட் இருக்கு தம்பி, பழைய செயலாளர் அடிச்சது" என்று ஒரு பென் டிரைவ் தந்தார். சந்தோஷமாகத் திறந்தோம். பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து, தேடினால் ஒன்றும் வராது. மாற்றி எடுத்தோம், பாதி உடைந்தது, கையால் திருத்தினோம்.

அதைவிடப் பெரிய பாடம் பிறகு கிடைத்தது. யூனிகோட்டில் சுத்தமாக அடித்த பிறகும் தேடல் சரியாக வரவில்லை. 'ஸ்ரீ'யை ஒருத்தி 'ஸ'வில் தொடங்கினாள், இன்னொருத்தனுடைய கீபோர்ட் 'ஶ'வில் தொடங்கியது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஸ்ரீலங்கா என்று தேடினால் பாதிப் புத்தகம்தான் வந்தது. சி.வி. வேலுப்பிள்ளை ஒரு வரியில் புள்ளிக்குப் பிறகு இடைவெளியோடு, இன்னொரு வரியில் இல்லாமல், மூன்றாவதில் ஸி.வி. என்று. அட்டைக் காலத்து நூலகர்கள் ஒரு ஆசிரியருக்கு ஒரே வடிவம் என்று முடிவெடுத்து, மற்ற வடிவங்களிலிருந்து 'இங்கே பார்' என்று ஒரு அட்டை போட்டு வைப்பார்களாம். வெறும் சடங்கென்று நினைத்திருந்தோம். அந்த 'இங்கே பார்' அட்டை இல்லாமல் எங்கள் எக்செல் நொண்டுகிறது.

நடேசய்யர்தான் மோசம். நடேசய்யர், நடேசையர், நடேச ஐயர், நடேச அய்யர். எந்த வடிவத்தை வைப்பது என்பதில் எங்களுக்குள்ளே இரண்டு கட்சி. சாரல்நாடனின் அட்டையில் உள்ளபடி என்று ஒரு கட்சி, நடேசய்யர் தன் பெயரை எப்படி அச்சிட்டாரோ அப்படி என்று இன்னொன்று. மாமா மூன்றாவது கட்சி: "எல்லாத்தையும் போடுங்கப்பா, எவன் எப்படித் தேடுவான்னு நமக்கு என்ன தெரியும்?" யோசித்துப் பார்த்தால் ரங்கநாதனும் மாமா பக்கம்தான் நின்றிருப்பார்.

முதலில் சொன்ன நூலகத்துக்கும் போன மாதம் திரும்பப் போனோம். தமிழ் எழுத்தில் தலைப்பு இல்லாத நாற்பது நூல்களின் பட்டியலை டைப் பண்ணி, எண்ணோடு, எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தோம். பொறுப்பாக இருந்த மிஸ் வாங்கிப் பார்த்தார், "நீங்களே அடிச்சுக் கொண்டு வந்தா எங்களுக்கு ஏத்துறது லேசுதானே" என்றார். நாற்பதில் பதினொன்று இப்போது தமிழில் அடித்தால் வருகிறது. 'தேசபக்தன்' வருகிறது.

புத்தகத்தை எடுத்துத் தந்த ஐயா டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அதற்கு முன் தமிழ் றாக்கைகளை அவரோடு ஒரு தடவை முழுசாக நடந்து பார்க்க அனுமதி கேட்டிருந்தோம், கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் லெக்சர் இல்லை. 894.811இலிருந்து தொடங்குகிறோம்.